உத்தரம் இல்லாத சமையல்கட்டு

அக்கா, இதை யாருக்கும் காட்டிவிடாதே. நீ இருக்கும் இடத்தில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தாத்தா இருந்தால் அவரிடமும் வேண்டாம்.

அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது அந்த வாசனை வந்தது. பழைய புகைக்கரியும் சுண்ணாம்பும் கலந்த வாசனை. புதுப்பட்டினத்துக்கு அப்பால், கடலோரத்தில் இருக்கும், வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துச் சமையல்கட்டின் வாசனை. போன வருஷம் பள்ளிக்கூடம் விட்டு நாம் அங்கே போய்வந்தால் உன் பாவாடையிலும் இதேதான். அம்மா கேட்டால் "லேப்ல வேலைம்மா" என்பாய்.

அந்தக் கட்டடத்தைச் செங்கல்லுக்காக இடிக்கிறார்கள். அப்பாவும் அந்த வேலைக்குத்தான் போகிறார். நாளைக்கு அடுப்புச் சுவரை முதலில் எடுக்கப் போகிறார்களாம். அதில்தான் கல் அதிகம்.

வரிசையாக அடுப்புகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாம் இரண்டு பேரும் உட்காரலாம். மேலே புகை போக வட்ட ஓட்டைகள். அது வழியாக விழும் வெயிலில் நீ மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

"பாருடி, ஒரு உத்தரம் இல்ல, ஒரு கட்டை இல்ல. நெருப்புக்குப் பயந்து முழுக்கச் செங்கல்லுலயே வளைச்சிக்கீறான்."

"அப்போ இன்னாத்துல நிக்குது?"

என்னை எழுப்பி எதிரே நிறுத்தினாய். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, காலைப் பின்னால் தள்ளித் தள்ளி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். "நம்ம கைதான் கூரை. காலு கீது பாரு, அதான் சொவரு. காலை வாரினா?" வாரியும் விட்டாய். என் மூக்கில் ரத்தம். "இப்போ புரிஞ்சுதா?" என்று சிரித்தாய், கிராதகி.

உத்தரம் போட்ட வீடுகளையே இடித்துப் பழகியவர்களுக்கு இது தெரியவில்லை. சுவரில் பாதியை எடுத்தாலும் கூரை நிற்கும் என்று நினைக்கிறார்கள். இங்கே சுவரைத் தொட்டால் கூரை உள்ளே நிற்பவர்கள் தலையில்தான்.

சொன்னேன் அக்கா. சாப்பிடும்போது சொன்னேன். "கூரையை மொதல்ல எடுங்கப்பா." அப்பா சிரித்தார். "இன்னாம்மா இன்ஜினீயரு, எவ்ளோ சம்பளம் கேக்கற?" கான்ட்ராக்டர் நம் வீட்டுக்கு வந்தபோது அவரிடமும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இத்தினி வருசமா நிக்குது, நாளைக்கா நைனா வுழப்போவுது?" என்று அப்பாவிடம் கேட்டார். மறுபடியும் சொன்னதற்கு அப்பா கையை ஓங்கினார். "யாருடி உனுக்கு இதெல்லாம் சொன்னது?"

ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வியில்தான் நின்றுவிடுகிறேன். நீ சொன்னாய் என்று சொல்ல வேண்டும். உன் பேரை எடுத்தால் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அதோடு பேச்சு முடிந்தது. காய்ச்சலில் நீ போனதிலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உன் மேலும்தான். எல்லாவற்றையும் என் தலையில் ஏற்றிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். அந்தக் கூரை எப்படி நிற்கிறது என்று இந்த ஊரில் எனக்கு மட்டும் தெரிகிறது, என் பேச்சு மட்டும் எடுபடவில்லை.

கடப்பாரையை ஒளித்துவைக்கலாமா என்று பார்த்தேன். இன்னொருவருடையதை வாங்கிக்கொண்டு போவார்.

கதவைத் தட்டுகிறார்கள். "இன்னாடி, இன்னும் லைட்டு எரியுது?" அப்பாதான். அம்மா அழட்டும், அக்கா. அப்பா எழுந்து போக முடியாதபடி வாசலை மறித்துக்கொண்டு, உன் பேரைச் சொல்லித்தான்