கனடா தீர்ப்பும் அடி அண்ணாமலை வீடும்

2023 ஜூன் 14

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று கூட்டம் ஜாஸ்தி. பிரஷர் மாத்திரை வரிசை வாசல் தாண்டி நின்றது. மருந்து ஜன்னலில் நான் தலை நிமிரவே இல்லை. கீழ்பென்னாத்தூரில் பஸ் பிடித்து அடி அண்ணாமலை வந்து சேர ஏழு மணி.

வீட்டில் கொழுந்தன் பிரகாஷ் உட்கார்ந்திருந்தான். அத்தை தன் சின்ன மகனுக்குக் காபி கொடுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கவரை நீட்டினான். ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். கடைசிப் பக்கத்தில் சிவப்பு முத்திரை.

"அண்ணன் கனடா கோர்ட்ல டைவர்ஸ் வாங்கிட்டாரு அண்ணி. இந்த வீடும் அவருக்குன்னு ஆயிடுச்சு. தொண்ணூறு நாள்ல காலி பண்ணணும்."

கணவர் கலையரசன் கனடா போய் ஏழு வருஷம். போன் பேச்சு நின்று மூன்று வருஷம். இத்தனை நாளில் அவரிடமிருந்து வந்த முதல் கடிதம் இது.

ஜூன் 15

அகராதியை வைத்துக்கொண்டு நான்காம் பக்கத்தைப் படித்தேன். எனக்கு ஈமெயிலில் தகவல் அனுப்பினார்களாம். மூன்று முறை. நான் பதிலே சொல்லவில்லையாம்.

எனக்கு யாரு அனுப்புனாங்க? எப்ப அனுப்புனாங்க? இன்னாத்துக்கு இந்தப் பொய்?

ஜூன் 19

பிரகாஷ் போன் செய்தான். வீட்டை வாங்க ஒரு லாட்ஜ்காரர் தயாராம். என் பெயரும் பத்திரத்தில் இருப்பதால் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். மறுத்தால் அங்கே கோர்ட் அவமதிப்பு கேஸ் ஆகும், இங்கே அரசாங்க வேலை போகும் என்றான்.

நம்பிவிட்டேன். சரி என்று சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன். அப்போது குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். பிறகு எடுக்கவில்லை.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மகன்தானே பெரிசு?

ஜூன் 21

வக்கீல் எழிலரசியைப் பார்த்தேன். அவர் அம்மாவுக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை கொடுப்பது நான்தான். ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன ரூம். பதினொரு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கல்யாணம் எங்கே நடந்தது, வீடு யார் பெயரில், நான் கனடா போனது உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கல்யாணம் திருவண்ணாமலையில். வீடு இருவர் பெயரிலும். நான் சென்னை ஏர்போர்ட்டையே வழியனுப்பப் போனபோதுதான் பார்த்தேன்.

"அப்ப இந்தப் பேப்பருக்கு நீங்க ஏன் பயப்படறீங்க?" என்றார்.

இந்த மண்ணில் இருக்கும் வீடு யாருக்கு என்று இந்த ஊர் கோர்ட்தான் சொல்ல முடியுமாம். நான் போகாத நாட்டில், என்னைக் கேட்காமல், பொய் சொல்லி வாங்கிய விவாகரத்து இங்கே என்னைக் கட்டுப்படுத்தாதாம். எங்கள் கல்யாணம் இந்த நாட்டுச் சட்டப்படி நடந்தது. அதை முறிப்பதும் அதன்படிதான்.

ஈமெயில் முகவரியைக் காட்டினார். பார்த்ததும் புரிந்துவிட்டது. 2016இல் எனக்கு விசா போடுகிறேன் என்று சொல்லி கலையரசன்தான் என் பெயரில் அதைத் திறந்தார். பாஸ்வேர்டு இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு வந்த சம்மனை அவரே வாங்கியிருக்கிறார்!

மாடிப்படி இறங்கி ஜெராக்ஸ் கடையில் பதினொரு பக்கத்தையும் நகல் எடுத்தேன்.

ஜூலை 3

கேஸ் போட்டாகிவிட்டது. முடியும்வரை வீட்டை யாரும் விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை.

ஜூலை 9

பிரகாஷ் வந்து அத்தையைக் கீழ்பென்னாத்தூருக்கு, அவன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். பெற்ற பிள்ளைமேல் கேஸ் போட்டவள் வீட்டில் அம்மா எப்படி இருக்க முடியும் என்றான். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரை அட்டைகளில் காலை, இரவு என்று எழுதிப் பையில் வைத்தேன்.

பதினாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

நவம்பர் 26

தீபம். ஊரே ஜனம். மொட்டை மாடியில் தனியாக நின்று பார்த்தேன். மலை உச்சியில் சுடர் எழுந்ததும் தெரு முழுக்க அரோகரா. நான் கை மட்டும் கூப்பினேன்.

2024 ஆகஸ்ட் 8

கலையரசனை வீடியோவில் விசாரித்தார்கள். தலை நரைத்திருக்கிறது. கோட் போட்டிருந்தார். தான் இப்போது கனடா குடிமகன், அந்த நாட்டுச் சட்டம்தான் தனக்கு என்று சொன்னார்.

எழிலரசி குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க எந்த நாட்டுக் குடிமகனா வேணா இருங்க சார். வீடும் கனடா போயிடுச்சா?"

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் பேனாவால் மேஜையைத் தட்டினார். ஈமெயில் பற்றிக் கேட்டதும் படம் சரியாகத் தெரியவில்லை என்றார் கலையரசன். எங்களுக்கு நன்றாகத்தான் தெரிந்தது.

அக்டோபர் 22

நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

இன்று அவர்கள் தரப்புச் சாட்சி ராணியம்மாள். என் அத்தை. கனடா கேஸ் எனக்கு முதலிலேயே தெரியும், வேண்டுமென்றே போகாமல் இருந்தேன் என்று அவர் பெயரில் வாக்குமூலம். பிரகாஷ் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து கூண்டில் ஏற்றினான். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

எழிலரசி எழுந்து, இதில் இருக்கும் கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார்.

"கையெழுத்து என்னுதுதான். மேல எழுதியிருக்கறது என்னுது இல்ல."

பிரகாஷ் எழுந்தான். உட்காரச் சொன்னார்கள்.

ஜட்ஜே குனிந்து, பயப்படாமல் சொல்லுங்கம்மா என்றார். அத்தை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சாமி. அந்தக் கவர் வந்த அன்னிக்குத்தான் அவளுக்கே தெரியும். எனக்கு இடுப்பு ஒடிஞ்சப்ப ஆறு மாசம் தூக்கி உக்கார வச்சவ. என் புள்ள போன்ல கூட கேக்கல. புள்ளைக்காகப் பொய் சொல்லலாம்னுதான் வந்தேன். அவளைப் பாத்துட்டு வாய் வரல."

டைப் அடிக்கும் அம்மா ஒன்றுவிடாமல் அடித்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 23

மத்தியானம் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பையோடு அத்தை இறங்கினார். "பிரஷர் ஏறிப்போச்சு, மாத்திரை குடு" என்றார். ரசம் வைத்தேன். ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.

2025 பிப்ரவரி 18

ஜெயிச்சுட்டேன். ஜெயிச்சுட்டேன். ஜெயிச்சுட்டேன்!

அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. என் பாதியில் யாரும் கை வைக்க முடியாது. என்னை வெளியேற்றவும் முடியாது. முப்பத்திரண்டு பக்கம். அந்தப் பதினொன்றைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

பஸ் நிலையத்தில் இறங்கி அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன். சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். வரிசையில் நின்ற ஒரு தாத்தா எதற்கென்று கேட்டார். வீடு வந்துடுச்சுங்க என்றேன். புது வீடா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 20

ஒன்று உறைக்கிறது. கனடா விவாகரத்து செல்லாது என்றால், நான் இன்னும் கலையரசனின் மனைவி. இதற்காகவா ஜெயித்தேன்?

மார்ச் 4

மனு போட்டேன். விவாகரத்து கேட்பவள் இந்த முறை நான். இந்த ஊர் கோர்ட்டில், என் பெயரில். அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். "போட்டுட்டு சீக்கிரம் வா, கீரை வாங்கணும்" என்றார்.

ஏப்ரல் 11

கலையரசனின் வக்கீல் எழிலரசியைத் தேடி வந்தாராம். கலையரசனுக்கு இங்கே ஒரு இடத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண் வீட்டார் இந்த ஊர் கோர்ட்டின் விவாகரத்துப் பேப்பர் கேட்கிறார்களாம். பரஸ்பர சம்மதத்தில் முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாராம்.

அவருடைய பாதி வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் சம்மதம் என்று சொல்லச் சொன்னேன். வேறு எதுவும் வேண்டாம்.

அக்டோபர் 14

முடிந்தது. கலையரசன் விமானம் ஏறி நேரிலேயே வந்தார். கோர்ட்டில் எனக்கு மூன்றடி தள்ளி நின்றார். சம்மதமா என்று ஜட்ஜ் கேட்டபோது கலையரசன் குரல் கம்மியாக இருந்தது, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். நான் ஒரே முறைதான் சொன்னேன்.

பிறகு அவர் பாதியை எனக்கு எழுதிக் கொடுக்க ரிஜிஸ்டர் ஆபீஸ். கைரேகை, போட்டோ, கையெழுத்து. வெளியே வந்ததும் அம்மாவைப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். உங்க அம்மா, வந்து பாருங்க என்றேன். வந்தார். அத்தை அவருக்குச் சோறு போட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், போகும்போது விபூதி இட்டு அனுப்பினார். கதவை மூடிவிட்டு வெகுநேரம் அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன்.

நவம்பர் 12

ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயரை மாற்ற அத்தையோடு வட்ட வழங்கல் அலுவலகம் போனேன். கலையரசன் பெயரை நீக்கி என் பெயரைப் போட்டார்கள். அடுத்து ராணியம்மாள். என்ன உறவு என்று கிளார்க் கேட்டார். மாமியார் என்றேன். அவர் கோர்ட் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார்.

"டைவர்ஸ் ஆயிடுச்சேம்மா. இவங்க இப்ப உங்களுக்கு யாரு?"

இதை எழிலரசியிடம் கேட்டு வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"அவ வீட்ல இருக்கறவ நான். அப்படியே எழுதிக்கப்பா."

எழுதிக்கொண்டார்.