சாமியோட கிட்டார் மெட்ராஸ் போவணும்

மே 4, செவ்வாய். 82.

கத்திரி இன்னிக்கித் தொடங்குது. காலையிலயே நெருப்பு. கால்ல மாவுக்கட்டு, உள்ள ஒரே அரிப்பு. தொடப்பக்குச்சிய வுட்டு சொறிஞ்சேன். சொகம்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலேருந்து நம்ம மாதா கோயில் வெள்ளக்காரச் சாமி கார்டு. நெஞ்சுவலி கொறையலயாம். அடுத்த புதன் பிளேன்ல அவரு சீமைக்கே கூட்டிட்டுப் போறாங்களாம். இனிமே நம்ம கோயிலுக்கு வேற சாமி. "சூசை, எதுவும் வேண்டாம். கிட்டாரை மட்டும் அனுப்பு. அம்மா கொடுத்தது."

இத்தன வருசம் சோறு பொங்கிப் போட்டிருக்கேன். உப்பில்லன்னாலும் சொல்லாம தின்னுட்டுப் போற மனுசன். இதான் மொதல் தடவ வாயத் தொறந்து ஒன்னு கேக்குறாரு.

லேசுப்பட்ட சாமானில்ல அது. ஒருக்கா அடுப்படிச் செவுத்துல சாச்சு வெச்சேன், சூட்டுல பசை எளகி முதுகு வாயப் பொளந்துடுச்சு. திருச்சிக்குக் கொண்டுபோய் ஒட்டிட்டு வந்தாரு. என்னத் திட்டல. திட்டியிருந்தா தேவல.

காலு சரியா இருந்தா ரயில்ல மடியில வெச்சு நானே கொண்டுபோவேன். இப்ப யாருகிட்ட குடுக்குறது?

மே 5, புதன்.

தங்கச்சி ஆரோக்கியத்த அரியலூருக்கு அனுப்பி விசாரிச்சேன். பொழுது சாய வந்தா. மூஞ்சியெல்லாம் சிமிட்டி பேக்டரித் தூசி.

"ரயில் பார்சலு வேணாண்ணே. எங் கண்ணு முன்னால ஒரு கூட மாம்பழத்தத் தூக்கி எறியிறானுவ, சாறு ஓடுது. ஒடஞ்சா கேக்க மாட்டோம்னு நாம எழுதிக் குடுக்கணுமாம். ஒடைக்கப்போறது நீங்க, எழுதிக் குடுக்குறது நாங்களான்னு கேட்டேன். சிரிக்கிறான் எடுபட்ட பய."

லாரி ஆபீசு? "மேல மூட்ட அடுக்க மாட்டீங்களேன்னேன். மாதா சத்தியமா மாட்டோம்மாங்கிறான். அவன் நெத்தியில பட்டையா விபூதி."

பஸ்சு மேல போட்டா வெயில்லயே பிரிஞ்சுடும்.

தெரிஞ்ச ஆளு கையில குடுத்து வுடலாம்னா, அதுலயும் சூடு பட்டாச்சு. போன வருசம் நெய்வேலி அக்காவுக்கு நார்த்தங்கா ஊறுகா குடுத்து வுட்டேன். ஜாடி பத்திரமா போய்ச் சேந்துச்சு. கழுவித் தொடச்சு, பளபளன்னு.

மே 7, வெள்ளி.

கம்பி முறுக்க எறக்கி அனுப்பச் சொல்லியிருந்தாரு சாமி. தங்கச்சி ஆரோதான் முறுக்காணிய, காதத் திருவுற மாதிரி திருவுனா. ஒவ்வொன்னும் எறங்கையில ஒரு மொனகல். கோயில் நாயி எந்திரிச்சு அந்தாண்ட போயிடுச்சு. "என்னண்ணே இது, சாவப்போற ஆளு மாதிரி மொனவுது?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. எனக்குப் புடிக்கல.

அந்நேரம் பாத்து மாப்ள வந்தான். ஆரோ புருசன் சவரிமுத்து. சிமிட்டி லாரி ஓட்டுறான். வாசப்படியிலயே நாத்தம்.

"ஏன் மச்சான், எவன் எவனயோ விசாரிக்கிறியாம். என் வண்டி என்ன கட்டவண்டியா?"

"அதுக்கில்ல மாப்ள..."

"ஞாயித்துக்கெழம மெட்ராசுக்கு லோடு. நான் கொண்டுபோறேன். மூணு நட தூங்காம ஓட்டியிருக்கேன், தெரியுமா?" பெருமையாச் சொல்றான். கண்ணு ரெண்டும் மொளவாப்பழம். கிளீனர் எங்கன்னேன். "நின்னுட்டான், பயந்தாங்கொள்ளி. பிரேக்கு கொஞ்சம் தள்ளிப் புடிக்கிது, அதுக்கே எறங்கி ஓடிட்டான்."

வேணாம்னு சொல்ல வாய் வந்துச்சு. ஆரோ மொகத்தப் பாத்தேன். பொங்கலுக்கு அவன் குடிய ஒரு வார்த்த கேட்டேன். மறுநா அவ கையில கட்டு. "கெணத்தடியில வழுக்கிட்டேண்ணே"ன்னா. அவ வூட்டுல ஏது கெணறு?

சரி மாப்ளன்னுட்டேன்.

மே 8, சனி.

காத்தே இல்ல. காக்கா கூட வாயத் தொறந்துக்கிட்டு ஒக்காந்திருக்கு.

ஆரோ வந்தா. "அண்ணே, நானும் போறேன். கிட்டார்ப் பொட்டி எம் மடியில இருக்கும். அவருக்குக் கண்ணு சொருவுனா தொடையில கிள்ளுவேன்."

"ஒன்னப் போட்டு அடிப்பான்டி."

"அடிக்கணும்னா முழிச்சிருக்கணுமுல்ல? நல்லதுதானே." சிரிக்கிறா. "கடலையும் பாத்துடுவேன். கல்யாணத்தன்னிக்கிக் காட்டுறேன்னாரு."

கிட்டாருக்கு ஆளு கெடச்சுதுன்னு மனசு லேசாச்சு. நெசமா லேசாச்சு. இத எழுதையிலதான் ஒறைக்கிது. கிட்டாருக்குத் தொண ஆரோ. ஆரோவுக்கு?

மே 9, ஞாயிறு.

பூச முடிஞ்சு கெளம்பிட்டாங்க. பொட்டிக்குள்ள வெச்சது: பஞ்சு, சாமியோட பழைய அங்கி ரெண்டு, வேப்பெல, கழுத்துக்கு அண்டக் குடுக்க எந் துண்டு. வழிக்குப் புளிசோறு, வறுத்த கருவாடு.

வண்டியப் பின்னால எடுக்கையில கோயில் மதில்ல இடிச்சான். லேசாத்தான். கல்லு ஒன்னு வுழுந்துச்சு. எறங்கிக்கடின்னு கத்துனேன். எஞ்சின் சத்தத்துல அவளுக்குக் கேக்கல. கேட்டுச்சோ என்னவோ, கைய மட்டும் ஆட்டுனா.

செவ்வாக்கெழம திரும்பிடுவோம்னு சொல்லியிருக்காங்க.

மே 11, செவ்வாய்.

கத்திரிக்கா கொழம்பு வெச்சேன், மூணு பேருக்கு. எந்த லாரி சத்தம் கேட்டாலும் எட்டிப் பாத்தேன். வரல.

கொழம்ப நாயிக்கு ஊத்துனேன்.

மே 12, புதன்.

இன்னிக்கி சாமிக்கு பிளேன்.

மத்தியானம் நம்ம விக்கிரமங்கலம் பஸ் கண்டக்டரு வூடு தேடி வந்தாரு. வாயெல்லாம் பல்லு. "சூசையண்ணே, ஒங்க கிட்டாரு போய்ச் சேந்துடுச்சு!"

மெட்ராஸ் பஸ் கண்டக்டரு பெரம்பலூர் ஸ்டாண்டுல இவருகிட்ட சொல்லிவுட்டாராம். ஞாயித்துக்கெழம, பெரம்பலூரு தாண்டி, ஒரு சிமிட்டி லாரி பாதி ரோட்டுல நின்னுச்சாம். டிரைவரு ஸ்டீரிங் மேலயே தூங்குறானாம். ஒரு பொம்பள நடுரோட்டுல நின்னு பஸ்ஸ மறிச்சுதாம். "இந்த லாரி ஆவாதுங்க. இத நீங்க ஆஸ்பத்திரியில சேத்துடுங்க"ன்னு ஊரும் ஒங்க பேரும் சொல்லிப் பொட்டியக் குடுத்துச்சாம். அந்த மனுசன் தன் சீட்டுல வெச்சு, தான் நின்னுக்கிட்டே போயி, சாமி கையிலயே குடுத்தாராம். ஒரு கீறல் இல்லயாம். சாமி அழுதுட்டாராம்.

"அந்தப் பொம்பள?"

"நீயும் ஏறும்மான்னு சொன்னாராம். நான் ஏறிட்டா அவர எழுப்ப ஆளு ஏதுன்னு கேட்டுட்டு, திரும்பிப் போயி லாரியில ஏறிக்கிச்சாம்."

அப்பத்தான் எம் மூஞ்சியப் பாத்தாரு. சிரிப்பு போயிடுச்சு. "இன்னும் வரலயாண்ணே?"

அடுத்த நடையில அரியலூரு சிமிட்டி ஆபீசுல கேட்டுட்டு வந்தாரு. மெட்ராசுல லோடு எறங்கவே இல்லயாம்.

சாயங்கால பஸ்ல பெரம்பலூருக்கு ஏத்திக்கிறேன்னாரு. காலு கெடக்குது காலு. ஊனிக்கிட்டுப் போவ கட்ட ஒன்னு எடுத்து வெச்சுட்டேன். விசாரிக்கிற எடத்துல படம் கேப்பாங்களேன்னு பொட்டியெல்லாம் கொடஞ்சேன். கிட்டாரோட சாமி நிக்கிற போட்டோ நாலு இருக்கு. ஆரோ படம் ஒன்னுகூட இல்ல.

வாசல்ல பஸ்சு ஆரன் அடிக்கிது.