ஐந்தாம் தேதிக்குள் ஒரு மாற்றாள்

மார்ச் 2

திங்கட்கிழமை. சிப்பாய்கள் முந்நூற்று எழுபது பேர், ஆளுக்கு ஒரு துணிப்பை, பைக்கு ஒரு நம்பர். எல்லாம் காலை ஏழு மணிக்கே சலவைக்கூடத்து வாசலில் வந்து விழுந்துவிட்டன. இடுப்பு கழன்றது.

சொந்தக்காரர்கள் மத்தியில் நான் ‘ராணுவத்தில் இருக்கிறவர்’. உண்மையில் ராணுவ முகாமுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் கம்பெனியில் இருக்கிறேன். இந்தச் சின்ன வித்தியாசத்தை நான் யாருக்கும் விளக்குவதில்லை. கல்யாணமான புதிதில் மாமனார், “மாப்பிள்ளை, துப்பாக்கியெல்லாம் தருவாங்களா?” என்று ஆசையாகக் கேட்டார். சோப்புத்தூள்தான் தருவார்கள் என்று சொல்ல மனசு வரவில்லை.

ஐந்து மணிக்கு கேட் அறையில் போனை வாங்கிக்கொண்டு மனைவியிடம் பேசினேன். ஐந்திலிருந்து ஆறு, அந்த ஒரு மணி நேரம்தான் போன் நம் கையில் இருக்கும். “உங்க வாரிசு உள்ள துணி துவைக்குது. விழற உதையைப் பாத்தா அப்படித்தான் தெரியுது” என்றாள்.

பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி ஏப்ரல் ஒன்பது. ஐந்தாம் தேதி நான் வீட்டில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து ஒரு மாற்றாள் வந்து பொறுப்பேற்றால்தான் நான் கேட்டைத் தாண்ட முடியும். பொறுப்பாளர் இல்லாமல் சலவைக்கூடம் ஓடக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆளைச் சொல்லிவிட்டார்கள். வருவார்.

மார்ச் 6

இன்று நான் செய்த காரியத்தை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

காய்கறி லாரி டிரைவரிடம் சொல்லி டவுனிலிருந்து எட்டு குட்டி வெள்ளைச் சட்டைகள் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். புதுத்துணியை அலசாமல் குழந்தைக்குப் போடக் கூடாதாம். மெஷினில் போடாமல் கையாலேயே, முட்டையைக் கழுவுவது மாதிரி அலசினேன். அதுவரை சரி. அந்த நேரம் பார்த்து அதிகாரிகள் மெஸ்ஸின் மேஜை விரிப்புகள் வந்தன. இங்கே வெள்ளை என்றால் கஞ்சி. பதினோரு வருஷப் பழக்கதோஷம். கை தானாகவே எல்லாவற்றையும் அள்ளிக் கஞ்சித் தொட்டியில் அமுக்கிவிட்டது. இஸ்திரிக்காரர் என்னைவிட மேல். என்ன ஏது என்று பார்க்காமல், கைக்கு ஒரு மடிப்பு, முதுகுக்கு மூன்று மடிப்பு என்று தேய்த்து அடுக்கிவிட்டார்.

சட்டைகள் மேஜைமேல் தானாக நின்றன!

ஸ்டோர் சார்ஜென்ட் அந்த நேரத்துக்குத்தானா உள்ளே வர வேண்டும். போன வருஷம் ஒரு பட்டன் காணாமல் போனதற்குக் கம்பெனிக்கே கடிதம் போட்ட மனிதர். ஒரு சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். விறைப்பாக நின்றது.

“இவர் என்ன ரேங்க்?”

“இன்னும் பிறக்கல சார்.”

சிரிக்கவில்லை. ஆனால் வாசலைத் தாண்டியதும் அவர் தோள் குலுங்கியதை நானும் இஸ்திரிக்காரரும் பார்த்தோம். கஞ்சி போக நான்கு தடவை வெந்நீரில் அலச வேண்டியிருந்தது.

மார்ச் 7

அவளிடம் சொல்லிவிட்டேன். பேச வேண்டிய ஒரு மணி நேரத்தில் பத்து நிமிஷம் சிரித்தே கழித்தாள். போகட்டும், நல்லதுதான்.

மார்ச் 15

மாற்றாளுக்கு பாஸ் கிடைக்கவில்லை.

நல்ல மனிதர். ஐம்பது வயது இருக்கும். எங்கள் கம்பெனி எடுத்து நடத்தும் டவுன் ஆஸ்பத்திரி சலவையில் இருபத்திரண்டு வருஷம். கேட்டில் விரல் ரேகை பதிய வைக்கும் மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாராம். பத்துக்கும் சிவப்பு விளக்கு. காவல்காரர், “உங்களுக்கு விரல் இருக்கு, ரேகை இல்ல” என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் வருவதுதான். ப்ளீச்சும் வெந்நீரும் விரல் நுனியை வழவழவென்று ஆக்கிவிடும். எனக்கும் முதல் தடவை பதியவில்லை.

அடுத்த முறை வரச் சொன்ன தேதி இருபத்தேழு. அதற்குள் ரேகை வளர வேண்டும். என் குழந்தை பிறப்பதை நான் பார்ப்பது இன்னொருவர் கட்டைவிரலில் இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 18

மாற்றாளுக்கு போன் போட்டு வைத்தியம் சொன்னேன். ஒன்பது நாள் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, சோப்பு கூடவே கூடாது, படுக்கும்போது விரலுக்கு எண்ணெய். “அதுக்கென்ன தம்பி, ஜமாய்ச்சிடுவோம்” என்றார்.

மார்ச் 21

மாற்றாளிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டார். “நல்லா இருக்கு தம்பி உங்க யோசனை. இருபத்தஞ்சு வருஷத்துல வீட்ல ஒரு கைக்குட்டை துவைக்காத மனுஷன். இப்ப தட்டக் கழுவச் சொன்னாக்கூட கையக் காட்டறார். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி!”

நூறு மன்னிப்புக் கேட்டேன். கடைசியில், “உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்களா?” என்று அன்பாகத்தான் கேட்டார்.

மார்ச் 24

இன்று எந்த விசேஷமும் இல்லை. 212-ஆம் நம்பர் சிப்பாய் மறுபடியும் பாக்கெட்டில் சாக்லேட்டோடு பேன்ட்டைப் போட்டிருக்கிறான்.

மார்ச் 27

பதியவில்லை.

அவரே போனில் ஒத்துக்கொண்டார். முந்தாநாள் ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் வரவில்லையாம். துணி மலையாகக் கிடந்ததாம். “ஒரே ஒரு தொட்டிதான் தம்பி. பாத்துக்கிட்டு சும்மா நிக்க முடியல.” கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவரை எப்படித் திட்டுவது? ஈரத்துணி குவிந்து கிடந்தால் என் கையும் சும்மா இருக்காது. எட்டுச் சட்டைக்குக் கஞ்சி போட்ட கை இது.

அடுத்த முறை ஏப்ரல் பத்து.

பத்து. டாக்டர் சொன்ன தேதிக்கு மறுநாள்.

ஏப்ரல் 1

இன்றுதான் அவளிடம் சொன்னேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். “சரி” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் மாமனாரின் மூட்டுவலியைப் பற்றிப் பேசினாள்.

அந்த ‘சரி’யை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

மூணு வருஷம் ஆச்சு, முதல் குழந்தை வயித்துலயே போய். காலைல எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. நான் இங்க சாக்ஸ் எண்ணிக்கிட்டு இருந்தேன். ஜோடி ஜோடியா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு போனை வாங்கி, என்னம்மா சாப்பிட்டியான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன் — எல்லாம் முடிஞ்சு ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. மாசக் கடைசிக்குள்ள எப்படியாவது வந்துடறேன்னு சொன்னேன். அப்ப அவ சொன்னதும் இதே ‘சரி’தான்.

அன்றைக்கு நான் கூட இருந்திருந்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டரே சொன்னார். தெரியும். ஆனாலும் அவள் தனியாக இருந்தாள். இந்தத் தடவையும் அப்படி விட்டால் நான் என்ன மனுஷன்?

ஏப்ரல் 2

மேனேஜரிடம் கெஞ்சினேன். கூடத்தைப் பூட்டிவிட்டுப் போனால் ஒப்பந்தமே போய்விடும் என்கிறார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குழந்தை வரும் நேரத்தில் வேலை இல்லாத அப்பாவா? விழுங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 4

பெட்டியை மூன்று தடவை திறந்து மூடிவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

மத்தியானம் ஸ்டோர் சார்ஜென்ட் கூப்பிட்டு அனுப்பினார். மறுபடி பட்டன் என்றே நினைத்துப் போனேன்.

“என்ன லாண்டரி, பெரிய மெஷின் எப்படி ஓடுது?”

“நல்லா ஓடுது சார்.”

“யோசிச்சு சொல்லு.”

“ஜம்முனு ஓடுது சார்.”

தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏதோ சத்தம் வருதுன்னு கேள்விப்பட்டேனே?”

“அது பெல்ட் சார். பழசு. இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்.”

“ரெண்டு மாசம் தாங்காதுன்னு வை. மெஷின் ரிப்பேருன்னா கூடத்த மூடணும். மூடின கூடத்துக்குப் பொறுப்பாளர் எதுக்கு?”

நான் டியூப்லைட். அப்போதும் எரியவில்லை. “துணி சார்?” என்றேன்.

“முந்நூத்தி எழுபது பேருக்கும் ஆளுக்கு ரெண்டு கை இருக்கு. பக்கெட் இருக்கு. பத்தாம் தேதி உன் ஆளுக்கு விரல் வரும்கிறாங்க. ஆறு நாள்ல எவனும் செத்துட மாட்டான்.” பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். “இஸ்திரிக்காரர் எல்லாத்தையும் சொல்லிட்டார். மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததையும். எழுது.”

‘பெரிய மெஷின் பெல்ட் பழுது. புது பெல்ட் வரும்வரை கூடம் மூடப்படுகிறது.’ பதினோரு வருஷத்தில் பதிவேட்டில் எழுதிய முதல் பொய். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்ததும் பெல்ட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். இப்போது மெஷின் நிஜமாகவே ஓடாது. யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது.

நன்றி சொன்னேன். “போ போ. பட்டன் கணக்கு அப்படியேதான் இருக்கு” என்றார்.

ஏப்ரல் 5

காய்கறி லாரியில், காலிக் கூடைகளுக்கு நடுவே டவுன் வரை. அங்கிருந்து பஸ். வழியில் போன் செய்யவில்லை. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் நெற்றியை என் தோளில் இடித்தாள். நல்ல பலமாக. வயிறு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது.

“வேலைய விட்டுட்டீங்களா?”

“மெஷின் ரிப்பேர்.”

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அழுதாள். பிறகு, தாடியை எடுக்கச் சொன்னாள்.

ஏப்ரல் 7

மூன்று நாளாக வீட்டில் இருக்கிற திரைச்சீலை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்துவிட்டேன். சும்மா உட்கார முடியவில்லை. “போர்த்தியிருக்கிற போர்வையையாவது விட்டுவைங்க மாப்பிள்ளை” என்கிறார் மாமனார்.

ஏப்ரல் 8

மகள்.

காலை பத்து மணிக்கு, நான் பால் பாத்திரத்தைத் தீய விட்டதற்குத் திட்டிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எப்போதும் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. உடனே புரிந்துவிட்டது. மாமனார் ஆட்டோ பிடிக்க ஓடினார். மூட்டுவலிக்காரர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிரசவ அறை வாசல் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். “இங்கயே இருப்பீங்கல்ல?” என்றாள். “இங்கயேதான்” என்றேன். இப்படிச் சொல்வதையும் சொன்னபடி நிற்பதையும் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மூன்று இருபதுக்கு நர்ஸ் கதவைத் திறந்து, “அப்பா யாரு?” என்றார். நான் மாமனாரைப் பார்த்தேன். மாமனார் என்னைப் பார்த்தார். “அப்பா யாருங்க?” இரண்டாம் தடவை. பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் தடவை அந்த அம்மா அதட்டிய பிறகுதான், ஐயோ நான்தான் அது என்று உறைத்தது.

இரண்டே முக்கால் கிலோ. ஈரப்பை எத்தனையோ தூக்கியிருக்கிறேன், கையில் வாங்கியதுமே எடையைச் சொல்லிவிடுவேன். இவளைச் சொல்ல முடியவில்லை. வெட்கம் பார்க்காமல் அழுதேன். நர்ஸ் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

“வந்துட்டேன்” என்று மனைவியிடம் சொன்னேன். உளறல். எங்கேயும் போகவில்லையே நான்.

ஏப்ரல் 9

டாக்டர் குறித்த தேதி இன்றுதான். நாங்கள் முந்திக்கொண்டோம்.

ஏப்ரல் 11

மாற்றாளுக்கு நேற்று பதிந்துவிட்டது! இடது மோதிர விரல். அது ஒன்றுதான், ஆனால் ஒன்று போதுமாம். பெல்ட்டை மாட்டி மெஷினை ஓட்டிவிட்டார்.

இஸ்திரிக்காரர் ஐந்து மணிக்குக் கூப்பிட்டார். “கொடிக்கம்பத்தத் தவிர எல்லா இடத்துலயும் துணி காய்ஞ்சுது. அம்பது பேரோட பனியன் இப்ப ரோஸ் கலர்.” சார்ஜென்ட் தன் சட்டையைத் தானே துவைத்தபோது ஒரு பட்டன் உடைந்துவிட்டதாம். யாருக்கும் கடிதம் போகவில்லை.

ஏப்ரல் 15

மாற்றாள்தான் யோசனையை ஆரம்பித்தார். இப்போது இரண்டு பேரிடமும் பாஸ் இருக்கிறது. ஆளுக்கு நாலு வாரம் முகாமிலும் நாலு வாரம் டவுன் ஆஸ்பத்திரியிலும் மாற்றி மாற்றி இருந்தால் என்ன? “நான் வீட்ல கொஞ்ச நாள் இல்லாம இருந்தா என் வீட்டுக்காரிக்கும் நிம்மதி தம்பி” என்றார். மேனேஜரிடம் கேட்டோம். கொஞ்சம் முறுக்கிவிட்டு ஒத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நான் பொறுப்பாளர் இல்லை, பத்தோடு பதினொன்று. அங்கே இருக்கும் நாலு வாரமும் ‘ராணுவத்தில் இருக்கிறவர்’ என்ற பேரும் கிடையாது. மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “துணின்னு எனக்கு எப்பவோ தெரியும் மாப்பிள்ளை” என்றார். “நீங்க துவைச்சு வச்ச தலையணை உறையப் பாத்தாலே தெரியாதா?”

ஏப்ரல் 18

நாளைக் காலை பஸ். நாலு வாரம். அப்புறம் நாலு வாரம் தினமும் ஆறரைக்கு வீட்டில் இருப்பேன். அவளிடம் சொன்னதற்கு, “ஆறரைன்னா ஆறரை” என்றாள். பெட்டியை எடுத்து வைத்தவளும் அவள்தான். இந்தத் தடவை அவள் ‘சரி’ என்று மட்டும் சொல்லவில்லை. போய்ச் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று ஒரு பெரிய பட்டியலே போட்டாள். நிம்மதியாக இருந்தது.

இன்று காலையில் மகளுக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள். வாய் ஒரு ஓரமாக விரிந்தது.

“சிரிச்சா!” என்று வீடே அதிரக் கத்தினேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

“பத்து நாள் குழந்தை எங்க மாப்பிள்ளை சிரிக்கும்? அது வாயு.”

இருக்கட்டும். என்னைப் பார்த்ததும் வந்த வாயு.