எல்லாமே 'கிளிக் ஹியர்'

செவ்வாய், இரவு.

பார்வையில்லாத மாணவி ஒருத்தி இன்று ஆன்லைன் தேர்வைத் தவறவிட்டாள். பாடப் பக்கத்தின் எல்லா இணைப்புகளையும் அவளுடைய கணினி 'கிளிக் ஹியர்' என்றே வாசித்துக் காட்டியதாம். தேர்வு எதில் இருக்கிறது என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

அந்தப் பக்கத்தை வடிவமைத்தவள் நான்; ஒவ்வோர் இணைப்புக்கும் பெயர் எழுதித்தான் வைத்திருந்தேன். "நீளமா இருக்கும்மா, லுக்கே இல்ல" என்று எல்லாவற்றையும் 'கிளிக் ஹியர்' என மாற்றியவர் மேனேஜர். மீட்டிங்கில் அவரே, "இந்தப் பொண்ணு வேலதான் சார், இங்கிலீஷே தகராறு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

நாளை வைட்ஃபீல்டு அலுவலகத்தில் கிளையண்டுக்கு அவர் காட்டப்போகும் பக்கத்தை என்னிடமே தந்தார். "என் ஸ்டைல்லயே போடும்மா."

போட்டுவிட்டேன். வரிசையாக 'கிளிக் ஹியர்', வேறு ஓர் எழுத்து இல்லை. எது எங்கே போகும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கிளையண்ட் முன்னால் தடுமாறி என் பக்கம் திரும்புவார். நாளையும் நான் வாய் திறக்கமாட்டேன்.