வந்தவர்களை எண்ணாத பக்கம்

அப்பு,

இன்று காலையில் உன் லேப்டாப்பைத் துடைத்தேன். கேமரா இருக்கும் இடத்தில் நீ ஒட்டியிருந்த என் ஸ்டிக்கர் பொட்டு துணியோடு வந்துவிட்டது. அரக்கு நிறப் பொட்டு. பசையெல்லாம் காய்ந்து பொருக்காகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, ஒரு பையோடு நான் ஸ்ரீரங்கத்துக்கு, தம்பி வீடென்று உன்னிடம் வந்தேன். பொட்டு வைப்பதை விட்டிருந்தேன். பொட்டு அட்டை மட்டும் பையில் எப்படியோ கூடவே வந்திருந்தது. நீதான் அதைப் பார்த்து எடுத்தாய். ஒன்றை உரித்து லேப்டாப்பில் ஒட்டினாய்.

"அதுக்கு எதுக்குடா பொட்டு?"

"அது நம்மளப் பாக்கக் கூடாதுன்னு."

இன்னொன்றை உரித்து என் பக்கம் நீட்டினாய்.

"அப்ப எனக்கு எதுக்கு?"

"ஒன்னைப் பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும்க்கா."

அன்று வைத்ததுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உன்னை முன்னால் நிறுத்தியிருப்பேன்.

உனக்கு எல்லாவற்றிலும் இந்தப் பிடிவாதம் இருந்தது. துவாக்குடி பட்டறைக்கு பஸ்ஸில் போகும்போது படிக்கிற புத்தகத்துக்குக் கூட பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டாய். நான் என்ன படிக்கிறேன் என்று பக்கத்து சீட்டுக்காரருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்பாய். இப்போது அலமாரி முழுக்கப் பழுப்பாக நிற்கிறது. எது எந்தப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மளிகைக் கடையில் நீ செய்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும், சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிடும். பில் போடுகிற பெண் போன் நம்பர் கேட்டாள்.

"பருப்பு வாங்க நம்பர் எதுக்குங்க? நான் என்ன பொண்ணா பாக்க வந்திருக்கேன்?"

"நம்பர் போடாம பில் வராது சார்."

"சரி, பத்து தடவ ஒம்போது போட்டுக்கங்க."

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அந்த நம்பர்ல ஏற்கெனவே நெறைய பாயிண்ட் சேந்திருக்கு சார். ஊர்ல பாதிப் பேரு அந்த நம்பர்தான். ஒரு கிலோ சக்கரை ஃப்ரீயா வரும், வேணுமா?"

நீ வேண்டாம் என்றாய். நான் வேண்டும் என்றேன்.

அலமாரிக்குக் கீழே அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டறையில் கழித்துக்கட்டியதைக் கொண்டுவந்து, திறந்து போட்டு, ஒட்டி, முடுக்கி, நீயே ஓட வைத்தது. உன்னுடைய இணையப் பக்கம் அதற்குள்தான் இருக்கிறது, எந்த ஊரிலிருந்து யார் திறந்தாலும் நம் வீட்டு அலமாரிக்குத்தான் வருகிறார்கள் என்று சொன்னாய். நான் உடனே அந்த இடத்தைப் பெருக்கி வைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

படித்த புத்தகம், திருச்சியில் பார்த்த நாடகம், மண்ணச்சநல்லூர் பக்கம் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த கூத்து, எல்லாவற்றையும் அதில் எழுதினாய். ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாய். நான் எங்கே திணறுகிறேனோ அங்கே எழுத்தைப் பெரிதாக்குவாய், வாக்கியத்தை உடைப்பாய்.

காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாய். திரும்பி வரும்போது உன்னை நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

போன வாரம் சித்தப்பா வந்திருந்தார். அலமாரிப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது என்னம்மா ராப்பகலா மொனகிக்கிட்டு கெடக்கு?" என்றார். சொன்னேன்.

"யாராச்சும் படிக்கிறாங்களா?"

"தெரியல சித்தப்பா."

"ஆளே வராத கடையத் தொறந்து வச்சிருக்க. அணைச்சிட்டு எடைக்குப் போடு. நீயும் எத்தன நாளு அதையே பாத்துக்கிட்டு இருப்ப?"

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் வாழை இலைக் கடை வைத்திருப்பவள். காந்தி மார்க்கெட்டில் ஆள் வராத நாளில் இலை சுருள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். உன் பக்கமும் அப்படிக் கிடக்கிறதோ என்ற நினைப்பு விடவில்லை. அதனால் உன் சிநேகிதன் முரளியைக் கூப்பிட்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். யாருமே இல்லை என்றால் அணைத்துவிடலாம் என்றுதான் அப்போது எண்ணம்.

முரளி உட்கார்ந்து தட்டினான். "அவன் எதையுமே எண்ணி வைக்கலக்கா. இப்ப புரோகிராம்ல ஒரே ஒரு வரி சேத்துட்டாப் போதும். எத்தன பேரு வராங்க, எந்த ஊரு, எவ்வளவு நேரம் படிக்கிறாங்க, எல்லாம் தெரிஞ்சிரும்."

"பேரு தெரியுமா?"

"பேரு தெரியாது. மத்ததெல்லாம் ஓரளவுக்குத் தெரியும்."

போடு என்று சொல்லிவிட்டேன், அப்பு. ஒரே ஒருத்தர் வந்தாலும் போதும், எனக்கு வயிறு நிறைந்துவிடும் என்று இருந்தது.

அவன் பக்கத்தைக் கீழே வரைக்கும் தள்ளினான். அடியில் நீ எழுதியிருந்த வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இங்கே வந்து போகிறவர்களை நான் எண்ணுவதில்லை. நிம்மதியாகப் படியுங்கள்."

நீ என்னைத் திருச்சிக்குக் கூட்டிப் போய்க் காட்டிய நாடகம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மாட்டை விற்றுவிட்டு வெறும் கயிற்றோடு வீட்டுக்கு வருகிற கிழவர். கயிற்றை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் அவர் வாசலிலேயே நின்றார். என் வீட்டுக்காரர் சாவில் நான் அழவில்லை. வந்தவர்களெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணீர் உள்ளேயே நின்றுவிட்டது. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று என் காதுபடவே சொன்னார்கள். அன்று அந்த நாடக அரங்கின் இருட்டில் எல்லாம் சேர்ந்து வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுதேன். பக்கத்தில் நீ. ஒருதரம்கூடத் திரும்பவில்லை. வெளியே வந்ததும், "டீ குடிக்கலாமாக்கா?" என்று மட்டும் கேட்டாய்.

ரொம்ப நாள் கழித்து, உன் பக்கத்தில் ஏன் எண்ண மாட்டேன் என்கிறாய் என்று கேட்டபோது சொன்னாய்: "படிக்கிறவங்க இருட்டுல உக்காந்து படிக்கட்டும்க்கா. நடுவுல வெளக்கப் போட்டு தலைய எண்ணுனா எவன் அழுவான்?"

"வேண்டாம் முரளி" என்றேன்.

"ஒரு வாரம் பாத்துட்டு எடுத்துரலாம்க்கா. வரவங்க யாருக்கும் தெரியாது."

"தெரியாதுங்கிறதுனாலதான் வேண்டாங்கிறேன்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு, "அவனே பேசுற மாதிரி இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெட்டியை அணைக்கவில்லை. மார்க்கெட் முடிந்து வந்து, குளித்து, தினமும் ஒன்று படிக்கிறேன். நேற்று அந்தக் கயிற்றுக் கிழவர் நாடகத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதை மட்டும் நீ என்னிடம் படிக்கக் கொடுக்கவேயில்லை. கிழவர் நின்ற விதம், கயிறு தொங்கிய விதம், எல்லாம் எழுதியிருக்கிறாய். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

முடிப்பதற்கு எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் எந்த ஊரிலாவது, வேறு யாராவது ஒருத்தர், அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாரா அப்பு?