எருமைக்கு அந்தப் பக்கம்

மே 9

காலையிலிருந்து மேசை முழுக்கத் தோட்டாக்கள். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, ரைபிளில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒன்றில் கழுத்துப் பக்கம் லேசாகப் பள்ளம். தனியே எடுத்து வைத்தேன். எருமை எதிரே நிற்கும்போது சிக்கிக்கொள்கிற தோட்டா இருந்தும் பயனில்லை.

அண்ணன் மசிம்பா பின்னால் வந்து நின்றான். என் மேகசினுக்கு நான் கெட்டித் தோட்டாக்களை மட்டும் எடுத்து வைத்திருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"யானைக்கா போறோம்? எருமைக்குத்தானே? மேல ரெண்டு மெதுமுனை போடு. உள்ள போய் விரிஞ்சு நெஞ்சைக் கிழிக்கும். கெட்டிக் குண்டு ஊசி மாதிரி போயி ஊசி மாதிரி வெளிய வந்துடும். பின்னாடி நிக்கிற சினை எருமையையும் சேத்துக் கொல்லணுமா?"

"முதல்ல விருந்தாளி சுடுவாரு. அப்புறம் நீ. எல்லாம் கெட்டுப்போன பிறகுதான் அண்ணே என் முறை வருது. அப்ப எருமை எந்தப் பக்கம் திரும்பி நிக்கும்னு யாருக்குத் தெரியும்? பின்பக்கமா சுட்டாலும் நெஞ்சுவரை போகணும். மெதுமுனை வயித்துலயே நின்னுடும்."

"வேட்டை வழிகாட்டி லைசென்ஸே இன்னும் வாங்கல, அதுக்குள்ள வாத்தியாரம்மா ஆயிட்டா."

சிரித்துக்கொண்டே போனான். "உன் ரைபிள், உன் பாடு, ஷுவாய்."

அவனுடைய பெரிய நானூற்றைம்பத்தெட்டு ரக ரைபிளில் மேலே மெதுமுனை, அடியில் கெட்டி. என் முந்நூற்றெழுபத்தைந்தில் கெட்டி மட்டும்.

மே 11

பணம் கட்டி வேட்டைக்கு வரும் விருந்தாளி வந்துவிட்டார். ஆஸ்முண்ட், நார்வேக்காரர், அறுபது வயதிருக்கும். தன் ஊர்க் காட்டில் மான் சுடும் தோட்டாக்களையே கொண்டுவந்திருந்தார். அண்ணன் ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.

"இது உங்க ஊர் மானுக்குச் சரிங்க. இங்க எருமைத் தோள்ல பட்டா தோலுக்கு அடியிலயே சிதறிடும். வெளிய ரத்தமா கொட்டும், உள்ள ஒண்ணும் ஆகாது. அதுக்குக் கோபம்தான் வரும்."

மனிதர் முகம் சுளிக்கவில்லை. எங்கள் கனத்த தோட்டாக்களை வாங்கிக்கொண்டார். மாலையில் மரத்தில் ஒட்டிய காகிதத்தில் அழகாகச் சுட்டார். எங்கள் தடம் பார்ப்பவன் சகுண்டா என் காதருகே வந்து, "காகிதம் திருப்பி முட்டாது" என்றான்.

மே 12

கடிக்கிற ட்செட்சி ஈ. வெயில். பழைய தடம்தான் கிடைத்தது. கால் முழுக்க முள்.

மே 15

ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். உயிரோடு இருக்கிறான்.

நேற்று காலை மொப்பானி மரங்களுக்கு நடுவே மூன்று கிழட்டுக் கடாக்கள், உடம்பெல்லாம் சேறு. ஆஸ்முண்ட் விசையை அழுத்திய அதே நேரம் கடா ஓரடி முன்னால் எடுத்து வைத்தது. யாரைக் குற்றம் சொல்ல? குண்டு வயிற்றில் பட்டது. சகுண்டா புல்லைக் கிள்ளிக் காட்டினான். ரத்தத்தோடு பச்சையாக அரைத்த புல்.

ஆஸ்முண்டை வண்டியில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் புதருக்குள் போனோம். உள்ளே கை நீட்டினால் கை தெரியாது. சகுண்டா திடீரென்று நின்றான். அவன் நின்றதுதான் தெரியும் — புதர் உடைந்துகொண்டு வந்தது. கறுப்பாக. அத்தனை பெரிய உடம்பு அத்தனை வேகமாக வருமா?

அண்ணன் சுட்டான். அது தலையைத் தாழ்த்திய நேரம். மெதுமுனை கொம்பின் அடிக்கட்டையில் பட்டு நொறுங்கியது. கொம்புச் சில் பறந்ததைப் பார்த்தேன். எருமை நிற்கவில்லை. அடுத்த தோட்டாவை ஏற்ற அவனுக்கு அவகாசமே இல்லை. தொடையில் கொம்பை விட்டுத் தூக்கியது. துணி மூட்டை மாதிரி மேலே போனான், கீழே விழுந்தான். விழுந்தவனை விடவில்லை. மண்டியிட்டு, நெற்றியால் நசுக்கியது, மாவு பிசைவது போல. அவன் கத்தினான். என் அண்ணன் கத்தி நான் கேட்டதே இல்லை.

பக்கவாட்டில் ஓடினேன். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே முதுகெலும்பு. கைக்கெட்டும் தூரம். சுட்டேன். சரிந்தது. காதுக்குப் பின்னால் இன்னொன்று. அப்போதும் அதன் கால்கள் மண்ணை வாரிக்கொண்டிருந்தன. நானும் சகுண்டாவும் அதன் தலையை இழுத்து, அடியிலிருந்து அவனை வெளியே எடுத்தோம். தொடையில் என் முழங்கை நுழையுமளவு ஓட்டை. சட்டையைக் கழற்றி உள்ளே திணித்தேன். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"சாகாத அண்ணே. செத்தே, கொன்னுடுவேன்."

இதைத்தான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக விமானம் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேனாம். சகுண்டா சொன்னான்.

மே 16

இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தொடையில இருக்கிறது கொம்பு குத்தினது. அது ஆறிடும். முழங்கால்ல இருந்தது வேற மாதிரி காயம்மா. வட்டமா உள்ள போயி எலும்பைத் தூளாக்கிட்டு வெளிய வந்திருக்கு. அங்க யாராவது சுட்டீங்களா?"

சுட்டேன்.

என் குண்டு எருமையைத் துளைத்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. அந்தப் பக்கத்தில் அவன் கிடந்தான். முதல் முறை சுட்டபோது அவன் கால் துள்ளியதைப் பார்த்தேனே. எருமை உதைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெதுமுனை போட்டிருந்தால் உள்ளேயே நின்றிருக்குமா? நின்றிருந்தால் முதுகெலும்பு உடைந்திருக்குமா? உடைந்திருக்காவிட்டால் அவன் இன்று—

தெரியவில்லை. யாருக்கும் தெரியாது.

மே 19

வனத்துறை அதிகாரி அண்ணனிடம் வாக்குமூலம் வாங்க வந்தார். நானும் அண்ணி ருவிம்போவும் கட்டிலருகே நின்றோம்.

"கால் எப்படிப் போச்சு?"

"கொம்பு" என்றான் அண்ணன். என்னைப் பார்க்கவே இல்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் போன பிறகு, அண்ணி தண்ணீர் பிடிக்கப் போன நேரம், மெதுவாகச் சொன்னான்: "கொம்பு சுடாதுடி. முழங்கால்ல போனது கொதிச்சுது. எனக்குத் தெரியும். லைசென்ஸ் தேர்வு வருது உனக்கு. வாயை மூடிக்கிட்டு இரு."

மே 22

முடியவில்லை. அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அண்ணனுக்குச் சட்சாக் களி பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்த எனக்கு அவள் நன்றி சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. வெளியே கூட்டிப்போய்ச் சொன்னேன்.

அவள் கை வந்ததே தெரியவில்லை. காது இன்னும் இரைகிறது. விழுந்த என்னை மிதித்தாள். நான் தடுக்கவில்லை.

"என் புருஷன் காலைச் சுட்டுட்டு, அவனுக்கே ஊட்டி வேற விடறியா? ஆளாளுக்கு என்னை முட்டாளாக்குவீங்களா?"

நர்சுகள் வந்து பிரித்தார்கள்.

மே 27

அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். என் மீது தவறில்லை, அந்த நிலையில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்றார். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக அண்ணனின் லைசென்ஸை நிறுத்திவைக்கிறார்கள்.

இதை நான் யோசிக்கவே இல்லை. ஏன் யோசிக்கவில்லை?

ஜூன் 8

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். வாசலில் வைத்தே ஊன்றுகோலை என் மீது எறிந்தான். புருவம் பிளந்துவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள், ஒரு கண்ணால் எழுதுகிறேன்.

"காலைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேனா உன்னை? கேட்டேனா? உனக்காகத்தானே பொய் சொன்னேன். அதைக் கொண்டுபோய் அவன் மேசைல போட்டுட்டு வந்திருக்க. நீ சுத்தமாயிட்ட. நான் பொய்யனாயிட்டேன். போ. இனிமே என்கிட்டப் பேசாத."

ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அண்ணிதான் துணி கொண்டுவந்து அழுத்தினாள்.

ஜூலை 20

பேசவில்லை. ஒரே முற்றம், ஒரே சட்டி. நான் வந்தால் எழுந்து போகிறான். எழுந்து போக அவனுக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 5

தேர்வில் தேறிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்ட அண்ணி, இரவு என் தட்டில் பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

அக்டோபர் 3

கன்யெம்பா பக்கம் ஆற்றோரத் தோட்டத்தில் ஒரு எருமை பெண்ணொருத்தியைக் குத்திக் கொன்றுவிட்டது. கழுத்தில் கண்ணிக் கம்பி இறுகிய எருமையாம். உடனே வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். வண்டி இருந்தது. டிரைவர் காய்ச்சலில் கிடந்தான். எனக்கு ஓட்டத் தெரியாது.

அண்ணன் ஊன்றிக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். ஊன்றுகோலின் நுனியை க்ளட்ச் மீது வைத்து அமுக்கிப் பார்த்தான். "ஐயோ, மரத்துல மோதிடுவான்!" என்று அண்ணி கத்தினாள். சகுண்டா பின்னால் தாவி ஏறினான். நான் முன்னால் உட்கார்ந்தேன். வழி முழுக்க ஒரு பேச்சில்லை. அரைத்துக்கொண்டு, குதித்துக்கொண்டு போனோம்.

தோட்டத்துக்குப் பின்னால் மரத்துக்கு மரம் ஆட்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். மேகசினில் இருந்ததை எல்லாம் இறக்கிவிட்டு மெதுமுனையை ஏற்றினேன். எருமை தக்காளிப் பாத்தியில் நின்றது. கம்பி சதைக்குள் புதைந்து கழுத்தே சீழாக இருந்தது. ஒரு கொம்பில் பாவாடைத் துணி. தோளில் சுட்டேன். வந்தது. நெஞ்சில் சுட்டேன். அப்போதும் வந்தது. மூன்றாவதற்கு என் காலடியில் முகம் குத்தி விழுந்து, வாயால் ரத்தம் கக்கி, நெடுநேரம் கத்தியது. ஆட்கள் மரத்திலிருந்து இறங்கி, அது அடங்குவதற்குள்ளேயே கோடரியால் வெட்டத் தொடங்கினார்கள். செத்தவளின் புருஷன் அழுதுகொண்டே வெட்டினான்.

முழங்கைவரை ரத்தத்தோடு வண்டிக்கு வந்தேன். அண்ணன் இறங்கவே இல்லை, அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். கிளப்பினான்.

ஆற்றங்கரை ஏற்றத்தில் ஊன்றுகோல் க்ளட்சிலிருந்து வழுக்கியது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் ஊன்றுகோலைப் பிடித்து அழுத்தினான். கியர் போட அவனிடம் கையில்லை.

"ஏய் ஷுவாய்! என்ன வேடிக்கை பாக்கற? கியரைப் போடுடி!"

போட்டேன்.