செம்புக் குழாய்த் தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள குழாய் மகாராஜாவுக்கு,

நலம். குழாய்க் கடை, குழாய் வேலை என்று அலைந்து நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என உங்கள் தங்கை கோள் சொல்லிவிட்டாள்.

இங்கே ஆய்வகத்தில் என் மானம் கப்பலேறுகிறது. செல்களைக் காக்க வேண்டிய வைட்டமின் சி அவற்றைக் கொல்கிறது. ஒரு மாதமாக என் ஆய்வுத் தட்டுகளெல்லாம் சாவு வீடுதான். "மாசக் கடைசிக்குள்ள காரணத்தைக் கண்டுபிடி, இல்லாட்டி மூட்டையைக் கட்டு" என்றுவிட்டார் பேராசிரியை. நான் திரும்பி வந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு அழுகைதான் வருகிறது.

உங்கள் சண்டைக்காரி

மார்ச் 11

செல்லச் சண்டைக்காரிக்கு,

நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். தங்கச்சி பேச்சை நம்பாதே.

ஒரு மாதமாக என்கிறாயே, அப்போது அங்கே குழாய் ஏதாவது மாற்றினார்களா? ஆய்வகத்துக்கென நன்றாகச் சுத்திகரித்த தண்ணீரைப் புதுச் செம்புக் குழாயில் விட்டால் செம்பை அரித்துக்கொண்டு வரும். அதற்கு பிளாஸ்டிக் குழாய்தான் போட வேண்டும். வைட்டமின் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. குழாயைப் பார்.

உன் குழாய்க்காரன்

மார்ச் 20

என் ராஜாவுக்கு,

மேசைக்கடியில் தவழ்ந்து பார்த்தேன். பளபளவென்று புதுச் செம்புக் குழாய்! செல்களுக்கான ஊட்டநீரை அந்தத் தண்ணீரில்தான் கலக்குகிறோம்; சோதித்தால் அதில் செம்பு.

வேறு சுத்தமான தண்ணீரில் அதே அளவு செம்பை மட்டும் போட்டேன், செல்கள் பிழைத்தன. வைட்டமினை மட்டும் போட்டேன், பிழைத்தன. இரண்டும் சேர்ந்தால்தான் வினை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சாதுவான ஆக்சிஜனை முரடாக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. காவலுக்குப் போனவனே கலவரம் செய்திருக்கிறான்.

பேராசிரியை என்னைக் கட்டிக்கொண்டார். "இனிமே இதுதான் உன் ஆராய்ச்சி. இன்னும் ரெண்டு வருஷம் இரு" என்றார். குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் மாதக் கடைசியில் நான் நம் வீட்டில் இருப்பேன். அது தெரிந்துதான் எழுதினீர்களா?

உங்கள் சண்டைக்காரி

மார்ச் 28

என் சண்டைக்காரிக்கு,

தெரிந்துதான். இரண்டு நாள் அந்தக் கடிதம் என் கருவிப் பையிலேயே கிடந்தது. நீ தோற்றுப்போய் வந்து, எதிரே உட்கார்ந்து, பேசாமல் சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். சண்டை போடாத உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? தபாலில் போட்டுவிட்டேன்.

கடைச் சாவியைத் தங்கை புருஷனிடம் கொடுத்தாகிவிட்டது. ஐந்தாம் தேதி வருகிறேன், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து. அங்கே எனக்கு வேலை கிடைக்குமா என்று கவலைப்படாதே. குழாய் ஒழுகாத ஊர் உலகத்தில் கிடையாது.

உன் குழாய்க்காரன்